40 ரூபாய் லொத்தர் சீட்டு: அடித்தால் கைராசி, அடிக்காவிட்டால் கண்ணூறு

மட்டக்களப்பு நகரில் குடைக்குக் கீழே பலகை போட்டு விற்கிற மகஜன சம்பத சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் 6 இலக்கங்களும் அச்சிட்டே வரும். வாங்குபவர் எண் எழுதுவதில்லை. அடுக்கைப் புரட்டி ஒன்றை உருவுகிறார். இந்தச் சீட்டின் கவர்ச்சியும் பொறியும் அந்த உருவலில்தான். அடித்தால் "என்ட கைராசி". அடிக்காவிட்டால் கடைக்காரர் எடுத்துத் தந்த சீட்டு, விடியத் தெருவில் கண்ட முகம், கண்ணூறு. 1983இல் உளவியலாளர் தோமஸ் கிலோவிச், விளையாட்டுப் பந்தயம் கட்டுபவர்களிடமும் இதையே கண்டார்: வெற்றியை அப்படியே ஏற்றார்கள், தோல்விக்குத்தான் காரணம் தேடினார்கள்.

"ஒரு நம்பரில போயித்து மனே" என்பதுதான் ஆளை அடுத்த நாளும் இழுத்து வருகிறது. விழுந்தது 482715, கையில் 482716. 5க்குப் பக்கத்தில் 6 இருப்பது நம் கண்ணுக்கு மட்டுமே. சுழலும் பந்துக்கு 6உம் 0உம் ஒன்றுதான். 6 இடங்களிலும் தலா 9 மாற்று இலக்கங்கள். எழுத்தை விட்டுப் பார்த்தாலும், ஒரேயோர் இலக்கத்தால் தவறும் எண்கள் ஒவ்வொரு நாளும் 54 இருக்கும்.

"பத்து நாளாக் கடைசியில 7 வரல்ல, இண்டைக்கு வரும்" என்பது அடுத்தது. 7 வராமலிருக்க ஒரு நாளைக்கு 10இல் 9 வாய்ப்பு. தொடர்ந்து பத்து நாள் வராமலிருக்க ஏறக்குறைய 35 சதவீதம், அதாவது சாதாரண விஷயம். பதினோராம் நாளும் அதே 10இல் 1தான். இலக்கங்களோடு ஒரு லக்னமும் விழுகிற லக்ன வாசனா லொத்தரில் சொந்த லக்னத்தைத் தேடி வாங்குவதும் இப்படித்தான்: 12 லக்னங்களுக்கும் ஒரே வாய்ப்பு, 30 சீட்டிழுப்பில் எந்த லக்னமும் சராசரி இரண்டரைத் தடவை விழும்.

கடைகளில் முடிவுத் தாள் தொங்குவது நல்ல வசதி. ஆனால் சீட்டிழுப்புத் திகதியையும் இலக்கத்தையும் முதலில் ஒத்துப் பாருங்கள். நேற்றைய முடிவைப் பார்த்துக் கிழித்துப்போட்ட சீட்டைக் கொண்டுபோய்க் காசு கேட்க முடியாது.

மாலைநேர ஆவலுக்கு 40 ரூபாய் என்றால் வாங்கலாம். நாளுக்கொன்று என்றால் ஆண்டுக்கு 14,600 ரூபாய், அதைக் கொப்பியில் எழுதுங்கள். சின்னப் பரிசு விழுந்து அதற்கு இன்னொரு சீட்டை மாற்றி எடுத்தால், பரிசை வரவிலும் புதுச் சீட்டைச் செலவிலும் போட வேண்டும். அநேகமானோரின் கணக்கில் முதலாவது மட்டும்தான் இருக்கும்.