புகையைப் பார்க்க ஒரு ராத்திரி காத்திருந்த பட்டறை

என் வண்டி 2003 மாடல் டொயோட்டா ப்ரோபாக்ஸ். 2011-க்குப் பிறகு ஜப்பானிலிருந்து பழைய கார்கள் ரங்கூனுக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கினவே, அதில் ஒன்று. கதவை ஒட்டி ஜப்பான் எழுத்தில் ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறதோ தெரியாது, கிழிக்க மட்டும் மனம் வரவில்லை. ரங்கூனின் தாக்கேத்தா பகுதியில் வீட்டிலேயே முறுக்கு, மிக்சர், அதிரசம் போட்டு, விடியுமுன் பாலம் தாண்டி நகரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பிழைப்பு. வண்டி படுத்தால் வியாபாரமும் படுத்தது.

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது இந்தப் புகை. காலை நாலரைக்குச் சாவியைத் திருப்பினால் பின்னால் நீலமாக ஒரு மூட்டம் கிளம்பிச் சந்து முழுக்க நிற்கும். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்கும். ஒரு நிமிடம்தான், அப்புறம் சுத்தமாக நின்றுவிடும். நாள் முழுக்க ஓட்டினாலும் தெரியாது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. மாதம் இரண்டு லிட்டர் ஆயில் குறைந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

முதலில் போன இடம் பெரிய கராஜ். ஏசி போட்ட அறை, காபி, கணினியில் அடித்த பில். பெயர் வேண்டாம். மத்தியானம் சூடான எஞ்சினோடு போய் நின்றேன். ஒரு பையன் ஆக்சிலரேட்டரை இரண்டு முறை அழுத்தினான், இன்னொருவன் சைலன்ஸரைப் பார்த்தான், “ரிங் போச்சு”, அதாவது பிஸ்டனைச் சுற்றின வளையம் தேய்ந்துவிட்டது, என்று முடித்துவிட்டார்கள். ஜப்பான் எஞ்சின் ஒன்றை இறக்கிப் போட 18 லட்சம் கியாட் என்றார்கள். அவ்வளவு இல்லை என்றதும், கெட்டியான ஆயிலும் ஏதோ ஒரு டப்பா மருந்தும் ஊற்றி 1 லட்சத்து 20 ஆயிரம் வாங்கிக்கொண்டார்கள். புகை பத்து நாள் கொஞ்சம் அடங்கிவிட்டு, மறுபடி வந்தது.

கோயிலில் பார்த்த ஒரு டாக்சிக்காரர்தான் தாம்வேயில் இந்தப் பட்டறையைச் சொன்னார். பெயர்ப் பலகை கிடையாது. பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஒரு மாமரத்தடி, தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கும் இடம். நடத்துகிறவர் நம்மாள், அறுபதைத் தாண்டியவர். பர்மாக்காரர்கள் அவரை “சயா” (வாத்தியார்) என்கிறார்கள், நான் அண்ணே என்றேன்.

நான் கதையை ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். “ஓட்டிக்கிட்டே வந்துட்டீங்களா? அப்ப இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. சாவியைக் குடுத்துட்டுப் போங்க. நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன். காலைல ஆறு மணிக்கு வந்து நீங்களே பண்ணுங்க.”

அன்றைக்குச் சரக்கு போட மச்சானின் மூன்று சக்கர வண்டியை இரவல் வாங்க வேண்டியதாயிற்று. எரிச்சல்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், காலையில் மட்டும் வரும் நோயை மத்தியானம் பார்த்து என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலை ஒரு பழைய வெள்ளைப் பனியனைச் சைலன்ஸர் வாயில் பிடித்துக்கொண்டு அவர் குந்தினார். “இப்ப போடுங்க.” போட்டேன். மூட்டம் கிளம்பியது. முகத்தைத் திருப்பாமல் மோந்து பார்த்தார். நாற்பது விநாடி இருக்கும், நின்றது. பனியனில் எள் தூவினமாதிரி எண்ணெய்ப் புள்ளிகள். மார்கழிக் காலையில் வெள்ளையாக வந்து உடனே கரைகிறது என்றால் அது சைலன்ஸரில் தங்கின ஈரம், கவலையே வேண்டாமாம். வெள்ளை நிற்காமல் வந்து, தித்திப்பு வாசனை அடித்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டுமாம். கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. என்னுடையது நீலம், ஆயில் எரிகிறது. அது எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி.

அவர் போன வரிசையைத்தான் பாராட்ட வேண்டும், காசு கம்மியான இடத்திலிருந்து தொடங்கினார். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுத்துவிடும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். கலகல என்றது. அடைத்திருந்தால் சத்தம் வராது, ஆயிலும் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் ஏறுமாம். அதில் குறை இல்லை. அடுத்து, “வாங்க, பாலத்துக்குப் போலாம்” என்றார். ரங்கூனில் மலைக்கு எங்கே போவது, தாக்கேத்தாப் பாலம்தான் எங்களுக்கு மலை. ஏறும்போது நன்றாக அழுத்தச் சொன்னார். கண்ணாடியில் புகை இல்லை. “ரிங் போயிருந்தா இங்கயே காட்டிக் குடுத்திருக்கும்.” இறங்கும்போது கியரைக் குறைத்து, காலை எடுத்துவிடச் சொன்னார். அடிவாரத்தில் மறுபடி அழுத்தினதும் பின்னால் நீலமாக ஒரு திட்டு பொங்கியது. அப்புறம் ஒரு டீக்கடை முன்னால் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு அழுத்தினோம், அதிலும் அதே திட்டு. காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியிருக்கும்போது எஞ்சின் உள்ளே இழுக்கும் இழுப்பு அதிகம், வால்வ் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான வால்வ் சீல் தளர்ந்திருந்தால் அதன் வழியாக ஆயிலும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. ராத்திரி நிற்கும்போது மேலே தங்கின ஆயில் வால்வ் தண்டு வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்து காத்திருக்கும், காலையில் முதல் நெருப்பில் எரியும். அவ்வளவுதான் விஷயம்.

அதோடும் விடவில்லை. பட்டறைக்கு வந்து ப்ளக்குகளைக் கழற்றினார். மூன்றாவது மட்டும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கக் கம்ப்ரெஷன் மீட்டர் வைத்தார்: 178, 175, 170, 176. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், 180. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து முள் இதைவிட நன்றாக எகிறியிருக்கும் என்றார். 18 லட்சம் மிச்சமானது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

வேலை நடந்தபோது கூடவே இருந்தேன். ஹெட்டைக் கழற்றாமல் சீல் மாற்ற வேண்டுமென்றால், ஸ்ப்ரிங்கை எடுக்கும்போது வால்வ் கீழே விழாமல் தாங்க ஏதாவது வேண்டும். வழக்கமாக ப்ளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரெஸரில் காற்று ஏற்றுவார்கள். ஆனால் கரண்ட் இல்லை. இந்த ஊரில் அது எப்போது வரும், எப்போது போகும் என்று யார் சொல்வது? அவர் சுவரில் தொங்கின ஒரு நைலான் கயிற்றை எடுத்தார். ப்ளக் ஓட்டை வழியாக உள்ளே சுருள் சுருளாகத் திணித்து, முனையை வெளியே விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினார். பிஸ்டன் மேலே வந்து கயிற்றை அமுக்க, கயிறு வால்வுகளை மேலே தாங்கிக்கொண்டது. வால்வுகளைத் திறக்கும் காம் ஷாஃப்டுகளைக் கழற்றியதால் அவற்றைச் சுழற்றும் செயினை மேலே இழுத்துப் பிடிக்கும் வேலை எனக்கு. ஆயில் இறங்கும் துளைகளையெல்லாம் துணியால் அடைத்தார். ஸ்ப்ரிங்கை வால்வ் தண்டோடு பிடித்து நிறுத்தும் வால்வ் லாக் ஒவ்வொன்றும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, ஒன்று உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போயிற்று. மொத்தம் 32. காம் அமுக்கி வால்வைத் திறக்க நடுவில் இருக்கும் டாப்பெட் 16-ஐயும் எடுத்த வரிசை மாறாமல் முட்டை அட்டையில் வைத்து, பேனாவால் எண் எழுதினார்.

பழைய சீல் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தான் அகலம். நகத்தால் அமுக்கினேன், அப்பளம்போல் நொறுங்கியது. புதியது அமுக்கினால் வளைந்து திரும்பி வருகிறது. இருபது வருஷச் சூட்டில் ரப்பர் பிளாஸ்டிக்காகிவிட்டிருக்கிறது.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் என்றார், ஐந்து நாள் ஆனது. உதிரிப்பாகக் கடையில் முதலில் வாங்கி வந்த சீல் அளவு சரியில்லை, வாங்கும்போதே பழையதோடு ஒத்துப் பார்த்திருக்கலாம். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதிலும் ஒரு கால் ஆட்டம். வெற்றிலை வாயோடு பேசுவதால் பாதி புரியாது. பில் கிடையாது, கணக்கை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதித் தந்தார்: சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரம். கெட்டி ஆயிலை வடித்துவிட்டு அதைவிட மெல்லிய 5டபிள்யூ-30 ஆயில் ஊற்றினார்.

முதல் இரண்டு நாள் கொஞ்சம் புகைந்தது. சைலன்ஸருக்குள் படிந்த பழைய எண்ணெய் எரிந்து தீர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார், இல்லாவிட்டால் பயந்திருப்பேன். மூன்றாம் நாளிலிருந்து இல்லை. இப்போது 1,500 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயில் குச்சியில் கோடு அப்படியே நிற்கிறது.

போகிறவர்கள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள், ஞாயிறு பட்டறை இல்லை. எனக்கு வால்வ் கவர் கேஸ்கெட்டைப் பழையதையே திருப்பிப் போட்டுவிட்டார், ஓரத்தில் லேசாகக் கசிகிறது. “கொண்டு வாங்க, சும்மாவே மாத்தித் தர்றேன்” என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று நானும் போகவில்லை.