படைச் சிறகும் சிவில் சான்றிதழும்: அமெரிக்க இராணுவ விமானிகளுக்கு முன்னுள்ள இரண்டு வழிகள்

அமெரிக்க விமானப்படையில் எஃப்-16 ஓட்டும் ஒருவர், விடுமுறை நாளில் தம் குடும்பத்தைச் செஸ்னா என்ற வாடகைச் சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறக்க விரும்பினால், சீருடையில் அணிந்திருக்கும் சிறகுச் சின்னம் மட்டும் அதற்குப் போதாது. படையின் விமானத்தைப் படைக்காக ஓட்டும்வரை அவருக்குச் சிவில் சான்றிதழ் தேவையில்லை. சிவில் பதிவெண் கொண்ட விமானத்தின் விமானி இருக்கையில் அமர்ந்துவிட்டால், எஃப்ஏஏ எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிகள் மற்ற எவரையும் போலவே அவரையும் கட்டுப்படுத்தும். அந்தச் சான்றிதழைப் பெற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இராணுவத் தகுதியைக் காட்டி எழுத்துத் தேர்வின் மூலம் மாற்றிக்கொள்வது. மற்றொன்று, சிவில் பயிற்றுநரிடமோ படைத்தளத்தின் ஏரோ கிளப்பிலோ சேர்ந்து முதல் படியிலிருந்து கற்று வருவது. தாளைப் பெற முதல் வழியே சிறந்தது என்பதும், அந்தத் தாளை நம்பி ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்வதற்கு முன் இரண்டாவது வழியின் ஒரு பகுதியையாவது கடந்தே ஆக வேண்டும் என்பதும் என் முடிவு.

முதல் வழியின் சட்ட அடிப்படை, விமானி சான்றிதழ் விதிகளின் 61.73-ஆம் பிரிவு. தகுதி பெற்ற இராணுவ விமானி, தம் பயிற்சிக்கும் பணிக்கும் உரிய ஆவணங்களுடன் இராணுவத் தகுதி எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்றால், பறப்புத் தேர்வு எதுவும் இல்லாமலேயே வணிக விமானி சான்றிதழைப் பெறலாம். படையில் கருவிப் பறப்புத் தேர்ச்சி (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறக்கும் தேர்ச்சி) பெற்றிருந்தால் அந்தத் தகுதியும் உடன் சேரும். தேர்வு விமானம் ஓட்டும் கலையைச் சோதிப்பதில்லை. சிவில் வான்வெளி விதிகள், விமானியின் உரிமைகளும் வரம்புகளும், விபத்தை அறிவிக்கும் முறை ஆகியவற்றையே சோதிக்கிறது. சில வாரங்கள் மாலை நேரத்தில் படித்தால் தேறிவிடலாம். திறமைக் குறைவுக்காகவோ, பறத்தல் தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைக்காகவோ பறக்கும் பணியிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தக் கதவு மூடியிருக்கும்.

மாற்றத்தில் கிடைப்பது, படையில் எதை ஓட்டினாரோ அதன் நிழலாகவே அமையும். சி-130 சரக்கு விமானம் ஓட்டியவர் அதன் சிவில் வடிவமான எல்-382-க்கு உரிய வகைத் தகுதியையும் (அந்தக் குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி), சி-40 ஓட்டியவர் போயிங் 737 வகைத் தகுதியையும் கோரலாம். பல இயந்திரத் தகுதியை டி-38 பயிற்சி ஜெட் விமானத்தை மட்டும் வைத்துப் பெறுபவரின் சான்றிதழிலோ ஒரு வரம்பு எழுதப்பட்டுவிடும். அதன் இரு இயந்திரங்களும் உடலின் நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால், ஒன்று நின்றாலும் விமானம் பெரிதாகப் பக்கவாட்டில் இழுபடாது. இறக்கைகளில் இயந்திரம் தாங்கிய சிறு விமானத்தில் அந்த இழுப்புதான் ஆளைக் கொல்கிறது. ஆகவே அத்தகைய விமானத்தில் பறப்புத் தேர்வு கொடுத்த பிறகே வரம்பு நீங்கும். எஃப்ஏஏ இங்கே காட்டும் எச்சரிக்கை முற்றிலும் சரியானது என்று கருதுகிறேன்; ஒற்றை இயந்திர விமானங்கள் விஷயத்திலும் அதே அக்கறை இருந்திருக்கலாம்.

இரண்டாவது வழி நீண்டது. தனிநபர் விமானி சான்றிதழுக்குக் குறைந்தது 40 மணி நேரம், வழக்கமான விதிகளின்படி வணிக விமானி சான்றிதழுக்கு 250 மணி நேரம். இவற்றோடு ஒவ்வொரு படியிலும் எழுத்துத் தேர்வும், தேர்வாளர் முன்னால் வாய்மொழித் தேர்வும், பறப்புத் தேர்வும் உண்டு. முதல் சான்றிதழுக்கே 10,000 டாலருக்கு மேல் செலவாவது இன்று சாதாரணம். படையின் பயிற்சி விமானமான டி-6 டெக்ஸானில் தேறி வந்த ஒருவரை இந்தப் படிக்கட்டில் அடியிலிருந்து ஏறச் சொல்வது வீண் என்று முதல் வழியின் ஆதரவாளர்கள் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் காகிதத்தை விட்டு விமானத்துக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. டி-38 ஓடுபாதையை நெருங்கும் வேகம் 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) அளவுக்கு மேல். செஸ்னா 172 நெருங்குவது 60 முதல் 65 நாட் வேகத்தில். இந்த வேகத்தில் காற்றின் ஒவ்வொரு வீச்சும் விமானத்தை நகர்த்தும். ஜெட் விமானத்தில் பல ஆண்டுகளாக ஓய்ந்திருந்த பாதங்கள், எழும்பும்போது இடப்பக்கம் இழுக்கும் உந்துசுழலியைச் சுக்கானால் திருத்த மறந்துவிடும். சி-17 போன்ற பெரிய சரக்கு விமானத்தின் உயரமான விமானி அறைக்குப் பழகிய கண், சிறு விமானத்தின் மூக்கைத் தரையிறங்கும்போது தேவைக்கு முன்பே உயர்த்தச் செய்யும். கார்புரேட்டரில் பனி கட்டுவதும், உயரத்துக்கேற்ப எரிபொருள் கலவையைக் கையால் குறைப்பதும் படையின் டர்பைன் இயந்திரங்களில் இல்லாத வேலைகள்.

இவற்றைவிட முக்கியமானது, தனியாக முடிவெடுக்கும் சுமை. படைத்தளத்தில் விமானத்தைத் தயார்செய்ய ஒரு தரைக்குழு இருக்கிறது, வானிலை சரியில்லை என்றால் பறப்பை நிறுத்த ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், சரக்கு விமானத்தில் எடைச் சமநிலையைக் கணக்கிட லோட்மாஸ்டர் இருக்கிறார். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத ஒரு சிற்றூர் விமான நிலையத்தில், நான்கு இருக்கையையும் நிரப்பி எரிபொருளையும் நிரப்பினால் எடை வரம்பு மீறும் என்று சொல்ல எவரும் இல்லை. அங்கே பொது அலைவரிசையில் தம் இடத்தைத் தாமே அறிவித்துக்கொண்டு, வானொலியே இல்லாத ஒரு பழைய விமானமும் ஓடுபாதையைச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கக்கூடும் என்று கண்ணால் தேடிப் பறக்க வேண்டும். இந்தப் பழக்கம் எழுத்துத் தேர்வில் வராது. சிவில் பயிற்றுநர்கள் முதல் நாளிலிருந்து புகட்டுவது இதைத்தான்.

சட்டம் இந்த இடைவெளியை மூடுவதில்லை. ஒவ்வொரு விமானியும் 24 மாதங்களுக்கு ஒருமுறை முடிக்க வேண்டிய பறப்பு மதிப்பாய்வுக்குப் பதிலாக, படையில் தேறிய தகுதிச் சோதனையையே எஃப்ஏஏ ஏற்றுக்கொள்கிறது. வாடகைக்கு விடும் பள்ளிகளும் காப்பீட்டாளர்களும் பயிற்றுநருடன் ஒரு சோதனைப் பறப்பைக் கேட்பதுதான் நடைமுறையில் உள்ள தடுப்பு. அதை ஒரே பறப்பில் முடித்துக்கொள்ளாமல், குறுகிய ஓடுபாதையும் பக்கக்காற்றும் உள்ள இடங்களில் பத்து மணி நேரமாவது பயிற்றுநருடன் பறப்பவரையே நான் முழுமையாக மாறியவர் என்பேன். சிவில் பயிற்சியின் மதிப்பை அமெரிக்க விமானப்படையே அண்மையில் ஏற்றிருக்கிறது: 2024 முதல் தன் புதிய மாணவர்களில் ஒரு பகுதியினரைச் சிவில் பறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பி, அங்கே சான்றிதழ் பெற்ற பிறகு படைப் பயிற்சிக்கு அழைத்துக்கொள்கிறது.

பயிற்றுநர் சான்றிதழில் எனக்கு ஐயம் இன்னும் அதிகம். 2009-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, படையில் பயிற்றுநராக இருந்தவர் தனி எழுத்துத் தேர்வு ஒன்றைத் தேறிச் சிவில் பயிற்றுநராகவும் ஆகலாம். கற்பிக்கும் திறமை அவரிடம் நிச்சயம் இருக்கும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை, சொந்தப் பணத்தில், வேலைக்கு நடுவே வரும் நாற்பது வயது மாணவருக்குச் செஸ்னாவில் கற்பிப்பது, தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞருக்கு டி-6-இல் கற்பிப்பதிலிருந்து மிகவும் வேறுபட்டது. இந்தச் சான்றிதழைப் பெற்றவர், அனுபவமுள்ள சிவில் பயிற்றுநர் ஒருவருடன் சில மாதங்கள் பறந்த பிறகே மாணவரை ஏற்க வேண்டும்.

பயணிகள் விமான நிறுவனத்தை நோக்கிச் செல்பவருக்குக் கணக்கு வேறு. 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்ததையடுத்து, 2010-இல் சட்டமும் 2013-இல் விதியும் வந்து, துணை விமானிக்கும் ஏடிபி எனப்படும் பயணிகள் விமானப் போக்குவரத்து விமானி சான்றிதழ் கட்டாயமாயிற்று. அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. படையின் விமானிப் பயிற்சியை முடித்தவர் 750 மணி நேரத்திலேயே வரம்புள்ள ஏடிபி பெற்றுத் துணை விமானியாகப் பறக்கலாம். இறக்கை விமானம் ஓட்டியவருக்கு இங்கே முதல் வழியே போதும். பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஓட்டிய தரைப்படை விமானிக்கு அப்படி இல்லை. 61.73 அவருக்கு ஹெலிகாப்டர் சான்றிதழையே தரும். ஏடிபிக்கு இறக்கை விமானத்தில் தலைமை விமானியாக 250 மணி நேரமும் வேண்டும் என்பதால், எத்தனை ஆயிரம் மணி நேரம் ஹெலிகாப்டரில் பறந்திருந்தாலும் அவர் சிறு விமானத்துக்கு வந்தே தீர வேண்டும்.

எந்த வழியானாலும், பறந்த நேரத்தைக் குறிக்கும் சிவில் பதிவேட்டைச் சிறகு பெற்ற நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். சிவில் கணக்கில் நேரம், விமானம் பறப்பதற்காக நகரத் தொடங்கியதிலிருந்து தரையிறங்கி ஓய்வதுவரை ஓடுகிறது. படைப் பதிவுகளில் நகர்ந்து செல்லும் அந்த நேரம் பெரும்பாலும் சேராது. சில நிறுவனங்கள் ஒவ்வொரு பறப்புக்கும் 0.2 அல்லது 0.3 மணி கூட்டிக்கொள்ள விடுகின்றன; சில விடுவதில்லை. எனவே பறப்புகளின் எண்ணிக்கை, புறப்பட்ட இடத்திலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால் சென்ற நேரம், இரவு நேரம் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுதி வைப்பவர், ஓய்வுக்குப் பிறகு பழைய படைத்தளத்தின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிராது.