எட்டு சனிக்கிழமை ரிசேர்ச் கோர்ஸ்: 5க்கு 3.5 குடுக்கலாம்

பைனல் முடிச்சு இன்டேர்ன் அப்பொயின்ட்மென்ட் வரும்வரைக்கும் வீட்டில சும்மா இருந்தா அம்மா கலியாணக் கதை எடுப்பா எண்டுதான் இதில சேர்ந்தனான், உண்மையச் சொல்லவேணும். மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸுக்கு தொற்றுநோய், அழற்சி நோய் ரெண்டிலயும் ரிசேர்ச் பழக்குற கோர்ஸ், கொழும்புக்குள்ள ஒரு பிரைவேட் இடம், பெயர் போடேல்ல, இன்பொக்ஸில கேக்காதேங்கோ. எட்டு சனிக்கிழமை, காலமை 8.30ல இருந்து 4 மணி, 45,000 ரூபா. என்னைத் தவிர எல்லாம் தேர்ட் இயர், ஃபோர்த் இயர் பிள்ளையள்.

முதல் லேப். அதுதான் காசுக்குப் பெறுமதி. டெங்கு வைரஸின்ட என்எஸ்1 புரதம் ரத்தத்தில இருக்கோ எண்டு நிறத்த வச்சுப் பாக்கிற எலைசா டெஸ்ட், பிளேட் ரெண்டு பேருக்கு ஒண்டு, 96 குழி. அஞ்சு வருஷமா எக்ஸாமில 'எலைசா செய்யவேணும்' எண்டு எழுதி மார்க்ஸ் எடுத்தனான், பிப்பெட் பிடிச்சு முழுசாச் செஞ்சது இதுதான் முதல் தரம். கடைசில ஸ்டொப் சொலூஷன் விட்ட உடன நீலம் மஞ்சளா மாறும், எல்லாரும் போன எடுத்துப் படம் பிடிக்கினம், எங்கட பிளேட்டில மஞ்சளா வரவே கூடாத நெகட்டிவ் கொன்ட்ரோல் குழியும் (டெங்கு இல்லாத சாம்பிள்) சேர்ந்து பளிச்செண்டு மஞ்சள். நான் கிட் பழுது எண்டன். லேப் டெஸ்டுகள் செய்யிற எம்எல்டி அக்கா பிளேட்டத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டு, "தங்கச்சி, கழுவினது காணாது, கழுவிப்போட்டு டிஷூவில கவுட்டு அடிச்சனீங்களோ?" எண்டா. அடிக்கேல்ல. திரும்ப முதல்ல இருந்து செய்ய வச்சா, நாங்கள் வீட்ட போகேக்க ஆறு மணி, அவவும் நிண்டவ, ஒரு முகச்சுளிப்பும் இல்ல.

ப்ரோட்டோகோல், அதாவது ஆய்வ எப்பிடிச் செய்யிறது எண்ட திட்டம், எழுதுற கிளாஸும் நல்லம். எங்கட குறூப், காய்ச்சலோட வோர்டுக்கு வாற எல்லாருக்கும் என்எஸ்1 செய்வம், பொசிட்டிவ் எண்டா ஸ்டடியில சேர்ப்பம், நெகட்டிவ் எண்டா டெங்கு இல்ல எண்டு விடுவம் எண்டு வடிவா எழுதிக் குடுத்தது. சேர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டவர், "காய்ச்சலுக்கு எத்தனையாவது நாள்?" ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. என்எஸ்1 முதல் சில நாள்தான் நல்லாப் பிடிபடும், அஞ்சாம் நாளைத் தாண்டினா ஐஜிஎம் எண்ட பிறபொருளெதிரியப் பாக்கிற டெஸ்ட்தான் கைகுடுக்கும், ஆனா எங்கட சனம் பனடோல் போட்டுப் பாத்து, கிட்ட இருக்கிற டிஸ்பென்சரில மருந்தெடுத்து, அதுக்கும் சரிவரேல்ல எண்டாத்தான் பெரியாஸ்பத்திரிக்கு வரும். காய்ச்சல் விடுற அந்த நேரத்திலதான் ரத்தக்குழாய் ஒழுகவும் தொடங்கும். அப்ப எங்கட முறையில போனா, வருத்தம் கூடி வாற ஆக்களையே டெங்கு இல்ல எண்டு வெளிய தள்ளியிருப்பம். 2017ல மட்டும் 186,000க்கு மேல டெங்கு பதிவான நாட்டில படிச்சிட்டு இது தெரியாம இருந்தது எனக்கே வெக்கமாப் போச்சு.

அதே சேர்தான் ரூபாடடின் கதையும் சொன்னவர். தும்மலுக்கும் அலர்ஜிக்கும் குடுக்கிற குளிசை, குழாய ஒழுகப் பண்ணுற பிளேட்லெட் அக்டிவேட்டிங் ஃபக்டர அது மறிக்கும் எண்டதால இங்கத்த ஆக்களே டெங்கு நோயாளிகள்ல ட்ரயல் செஞ்சு 2018ல பேப்பர் போட்டவை. முடிவு பெரிய அதிசயம் எண்டில்ல, ஆனா கேள்வி எங்கட வோர்டில இருந்தே வந்தது எண்டதுதான் எனக்குப் பிடிச்சது.

இனிக் குறை. போஸ்டர்ல தொற்று, அழற்சி ரெண்டும் ஒரே சைஸ் எழுத்து, உள்ள போனா அழற்சிக்கு ஒண்டரை நாள். கொவிட்ல டெக்ஸாமெதசோன் (அழற்சியக் குறைக்கிற ஸ்டீரோயிட்) லெக்சர் மட்டும் அருமை: 2020ல வந்த ரிகவரி எண்ட ட்ரயல்ல வென்டிலேட்டர்ல இருந்தவைட இறப்பு 41.4 வீதத்தில இருந்து 29.3 வீதத்துக்கு இறங்கினது, ஒக்சிஜன் தேவைப்படாத ஆக்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல, அதே மருந்து ஆள் பாத்துத்தான் குடுக்கவேணும். மற்றதெல்லாம் ஓட்டம். முடக்குவாதத்துக்கு ஆன்டி டிஎன்எஃப் (டிஎன்எஃப் எண்ட அழற்சிப் புரதத்த மறிக்கிற மருந்து) குடுக்க முந்தி டிபி, அதாவது காசநோய், இருக்கோ எண்டு ஏன் பாக்கிறது, டிபி கிருமியச் சுத்தி உடம்பு கட்டின கிரானுலோமா எண்ட கல வேலி குலையாம இருக்க டிஎன்எஃப் தேவை எண்ட விஷயம், அரை நாள் கதைக்கவேண்டியது, 3.50க்கு ஒரே ஸ்லைட், ஏசி நிப்பாட்ட ஆள் கதவடியில வந்து நிக்குது.

ஆறு மாசம் மென்டர் எண்டவை. எனக்குக் கிடைச்சவர் ரெண்டு தரம் சூம்ல வந்தார், பிறகு வட்ஸ்அப்பில நீல டிக் மட்டும்தான். 'பப்ளிகேஷன் நிச்சயம்' எண்டதும் கடைசில பாத்தா, காசு கட்டினா ரெண்டு கிழமையில போடுற ஒரு ஜேர்னல். நான் கட்டேல்ல. அடுத்த பச்சில சேர்றவை இந்த ரெண்டையும் எழுத்தில கேட்டு வாங்குங்கோ. மத்தியானச் சோத்துப் பார்சல்ல மரக்கறி கெதியா முடிஞ்சிடும், சனிக்கிழமை சைவம் எண்டா கொண்டு போங்கோ.

ஒண்டு மறந்துபோனன், கொன்சென்ட் ஃபோர்ம், ஆய்வில சேர்ற ஆக்கள் சம்மதம் குடுக்கிற படிவம். மூண்டு மொழியிலயும் வேணும், அவை தந்த தமிழ் மாதிரியில '10 மில்லிலீட்டர் சிரைக்குருதி பெறப்படும்' எண்டு இருந்தது. அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "சிறையிலயோ பிள்ளை ரத்தம் எடுப்பினம்?" எண்டு கேட்டா. 'கையில ஊசி போட்டு ரெண்டு தேக்கரண்டி அளவு ரத்தம் எடுப்பம், விருப்பமில்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லலாம், உங்கட வைத்தியம் குறையாது' எண்டு மாத்தி எழுதினன். கோர்ஸ் முடிஞ்ச பிறகு அந்த ப்ரோட்டோகோல ஒரு எதிக்ஸ் கமிட்டிக்குப் போட்டன், போன கிழமைதான் 11 கரெக்‌ஷனோட திரும்பி வந்தது. தமிழ் ஃபோர்மில ஒண்டும் இல்ல.