எழுத்தா, பேச்சா: காப்பகத்தில் ஆங்கில வகுப்பு

ராயபுரம் பக்கம் காப்பகத்தில் தங்கி வேலைக்குப் போகும் வெளிமாநிலத்தவருக்கு ஆங்கிலத்தை எதிலிருந்து தொடங்குவது? ஏ, பி, சி-யில் தொடங்கினால், மணலி ஆலை வாசலில் இருக்கும் 'டேஞ்சர்' பலகையை ஒருநாள் தாங்களே படிப்பார்கள். ஆனால் பகலெல்லாம் மூட்டை தூக்கியவருக்கு ராத்திரி நோட்டைப் பிரித்தாலே கொட்டாவிதான்.

பேச்சில் தொடங்கினால் மறுநாளே பலன். "வாட் டைம் ஷிஃப்ட்?" என்று இருவர் சூப்பர்வைசரும் ஆளுமாக நடித்துப் பார்க்கட்டும், கூச்சம் விட்டுப்போகும். "பிளீஸ் சே அகெய்ன்" முதல் வகுப்பிலேயே வேண்டும். புரியாமல் தலையாட்டிவிட்டு மெஷினில் கை வைப்பதுதான் ஆபத்து. மேஸ்திரி தமிழில்தானே பேசுவார் என்பீர்கள். சரி, பாதுகாப்புப் பயிற்சியில் பாதிச் சொல் ஆங்கிலமாயிற்றே!

என் ஓட்டு பேச்சுக்கே. கூடவே பெயர், எண்கள், பலகைகளில் வரும் நாலைந்து சொற்களை முழுச் சொல்லாகவே காட்டிப் பழக்கலாம். இலக்கணம் அப்புறம்.