அந்துருண்டை, வசம்பு, ஃப்ரீசர்: ஐந்து வருட பீரோ அனுபவம்

கோபிச்செட்டிப்பாளையத்தில் வாய்க்காலோரம் எங்கள் ஓட்டு வீடு. 2019இல் ஒரு கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று அமுச்சியின் (அம்மாவின் அம்மா) நெகமம் பருத்திச் சேலையை எடுத்து உதறினேன். மடிப்பு நெடுகச் சுரண்டியது போல நூல் தேய்ந்து, இரண்டு இடத்தில் விரலே நுழைந்தது. உள்ளேயிருந்து ஒரு இராமபாணப் பூச்சி (சில்வர்ஃபிஷ்) சரேலென்று ஓடி இடுக்கில் மறைந்தது.

உடனே அந்துருண்டை வாங்கி ஒவ்வொரு தட்டிலும் போட்டேன். இரண்டு மாதத்தில் கரைந்து போகும், மறுபடி வாங்குவேன். எங்கள் மர பீரோவின் கதவு சரியாகச் சேராது. அதனால் வாடை முழுக்க அறைக்குள் வந்தது, பூச்சி பீரோவுக்குள்ளேயே இருந்தது. அதே உருண்டை, இறுக மூடிய டிரங்குப் பெட்டியில் நன்றாக வேலை செய்தது. ஆவி அடைந்து நின்றால்தான் பூச்சி சாகும். அதற்குத் திறந்த பீரோவில் வேலையே இல்லை. அப்புறம் வீட்டில் குழந்தை பிறந்ததும் டிரங்குப் பெட்டியிலும் நிறுத்திவிட்டேன். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்த துணியைப் போர்த்தினாலே இரத்தச் சிவப்பணு உடையலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

எந்தப் பூச்சி என்று பார்க்காமல் மருந்து வைத்தது என் முதல் தப்பு. இராமபாணத்துக்குக் கஞ்சி, பசை, ஈரம் வேண்டும். ஊட்டிக்குப் போட்டுப்போன ஸ்வெட்டரில் ஓட்டை விழுந்ததே, அது அந்துப்பூச்சியின் புழு. கம்பளியும் வேர்வை பட்ட பட்டும் அதற்குத் தீனி. வளர்ந்து பறக்கும் அந்து எதையும் தின்பதில்லை, முட்டை மட்டும் இடும். சுவரில் வெள்ளரி விதை மாதிரி ஒட்டியிருக்கும் சாம்பல் கூடும் இந்த வகைப் புழுவுடையதுதான். பார்த்தால் துடைப்பத்தால் தட்டி வெளியே கொட்டிவிடுங்கள்.

அந்தப் புழுவைக் கொல்ல ஸ்வெட்டரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தேன். "குழம்புக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எடுத்து, குளிர் இறங்கிய பிறகே பையைப் பிரித்தேன். மூன்று வருடமாகப் புது ஓட்டை இல்லை.

"கஞ்சியோட மடிச்சு வெச்சா, பூச்சிக்குச் சோறாக்கி வெச்ச மாதிரி கண்ணு" என்பார் அமுச்சி. பவானி ஜமக்காளத்தில் அது நிஜமென்று கண்டேன். குழந்தை பால் சோறு கொட்டிய இடம் மட்டும் அரித்திருந்தது, மற்ற இடம் அப்படியே. இப்போது கஞ்சி போடுவது கட்டும் நாளுக்கு முந்தின நாள்தான். ஒருமுறை கட்டினாலும் பருத்தியைத் துவைக்காமல் உள்ளே வைப்பதில்லை.

இதைவிடப் பெரிய பலன் கொடுத்தது, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்ததுதான். ஐப்பசி மழையில் எங்கள் சுவர் ஊறும். அந்த ஈரம் தொடாமல் போனதும் இராமபாணம் பாதியாகக் குறைந்தது.

வசம்பு? நாட்டு மருந்துக்கடையில் வாங்கி, தட்டி, பழைய வேட்டித் துணியில் முடிந்து வைக்கிறேன். வாடைக்குப் பூச்சி ஒதுங்கும், ஆனால் உள்ளே குடியேறிவிட்ட புழுவை இது கொல்லாது. வேப்பிலையும் அப்படித்தான், ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் வேறு பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் பொறுமை உள்ளவர்களுக்கு வசம்பு சரி. பட்டுக்கு அதுவும் வைப்பதில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் உதறி மடிப்பை மாற்றுகிறேன்.

இராமபாணம் முழுக்க ஒழியவில்லை. போன வாரம்கூட ஒன்று குளியலறைச் சுவரில் ஓடியது.