14ஆம் ஷரத்து வரை படித்த ஒரு வீட்டுக்கடன் ஒப்பந்தம்

வீட்டுக்கடன் வாங்குவோர் பெரும்பாலும் வட்டி விகிதத்தையும் தவணைக் காலத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். கையொப்பமிடுவதற்கு முன் அடமான ஒப்பந்தத்தின் வரைவை நிதானமாகப் படித்தபோதுதான், சொத்து வரிச் சட்டம் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் இரண்டு வேறு விடைகள் இருப்பதைக் கண்டேன்.

முதல் விடையில் பெரிய குறையில்லை. வரி விகிதமோ மதிப்பீட்டு முறையோ மாறித் தொகை உயர்ந்தால், அதைக் கடன்தாரரே கட்ட வேண்டும். சொத்து வரிப் பாக்கிக்குப் பல நாடுகளின் சட்டம் அடமானக் கடனுக்கும் மேலான முன்னுரிமை தருவதால், நாம் கட்டத் தவறினால் கடன் கொடுத்தவர் தாமே கட்டி, அத்தொகையை அசலோடு சேர்த்து வட்டி வசூலிக்கலாம் என்ற நிபந்தனையும் வழக்கமானதே. வரிப்பணத்தை மாதத் தவணையோடு சேர்த்துப் பெற்று வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் ஆண்டு முடிவில் பற்றாக்குறை தெரிந்தால், அதை ஒரே மாதத்தில் கேட்காமல் 12 தவணைகளாகப் பிரிக்கிறார்கள். (நிலையான வட்டிக் கடனிலும் மாதந்தோறும் கட்டும் தொகை இப்படி மாறும் என்பதை மட்டும் விளம்பரத்தில் காணோம்.)

உறுத்துவது இரண்டாவது விடை. கடன் கொடுத்தவர் கையிலுள்ள அடமானத்துக்கே புதிய சட்டம் வரி விதித்தாலோ, சொத்தின் வரி மதிப்பிலிருந்து அடமானத் தொகையைக் கழித்து அந்தப் பங்குக்கான வரியை அவர் மீது சுமத்தினாலோ, 30 நாள் அறிவிப்பில் முழுக் கடனையும் திருப்பிக் கேட்கலாம் என்கிறது 14ஆம் ஷரத்து. பழைய பத்திரங்களிலிருந்து ஓர் எழுத்துகூட மாறாமல் எடுத்தாளப்படும் வாசகம் இது. ஒரு தவணைகூடத் தவறாத கடன்தாரர் 30 நாளில் மாற்றுக் கடனுக்கு எங்கே போவார் என்று அதை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நியாயமாக எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் இதற்கு விலக்கு உண்டு: புதிய வரியைக் கடன்தாரரே ஏற்க முன்வந்து, அதைச் சட்டம் தடுக்காமலும், அதையும் வட்டியோடு சேர்த்துக் கணக்கிட்டால் வட்டிக்கான சட்ட உச்சவரம்பு மீறப்படாமலும் இருந்தால், கடன் பழையபடி தொடரும். அதைச் சேர்க்கச் சொன்னபோது, இது எல்லோருக்கும் பொதுவான படிவம் என்று மறுத்தார்கள். எழுத்து மூலம் கேட்டு 3 வாரம் காத்திருந்த பிறகு, அந்த விலக்கையும், 120 நாள் அவகாசத்தையும், இந்தக் காரணத்தால் கடனை முன்கூட்டி அடைக்க நேர்ந்தால் அதற்குக் கட்டணம் இல்லை என்ற உறுதியையும் தனி இணைப்பாகத் தந்தார்கள்.

இணைப்புடன் கூடிய ஒப்பந்தத்துக்கு ஐந்தில் நான்கு தருவேன். கேட்காதவர் கைக்கு வரும் அச்சிட்ட படிவத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.