வேரைக் கழிப்பதா, தலையை வெட்டுவதா?

என் எச்செவேரியாவின் (ரோஜாப்பூ போல இலையடுக்கும் சதைப்பற்றுச் செடி) அடி இலைகள் மஞ்சளாகி, உள்ளே நீர் கோத்தது போல மாறி, தொட்டாலே உதிர்ந்தன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் கறுத்துப் போயிருந்தது. லேசாக இழுத்ததும் தோல் உருவிக்கொண்டு வந்தது. வேரழுகல்தான். ஈரம் காயாத மண்ணில் காற்றில்லாமல் வேர் திணறிச் சாகும். அப்புறம் பித்தியம், ஃபியூசேரியம் போன்ற கிருமிகள் மேலே ஏறும்.

இந்த நிலையில் இரண்டு வழிகள். ஒன்று, கெட்ட வேரை மட்டும் கழித்துவிட்டு, மிச்ச வேரோடு புது மண்ணில் நடுவது. இன்னொன்று, தண்டை வெட்டித் தலையை, அதாவது மேலே உள்ள இலைக்கொத்தை மட்டும் புதிதாக வேர்விட வைப்பது.

முதலில் நான் வேரைத்தான் கழித்தேன். செடியின் உருவம் கெடாது, பிழைத்தால் சீக்கிரம் தேறிவிடும் என்ற ஆசை. இரண்டு நாள் காயவைத்து நட்டேன். பத்தே நாளில் தண்டின் அடி மெத்தென்று அமுங்கியது. வெளியே வெள்ளையாகத் தெரிந்த வேரின் உள்ளே அழுகல் ஏற்கெனவே போயிருந்திருக்கிறது. நூல் போன்ற வேரில் எது நல்லது, எது கெட்டது என்று எப்படிப் பார்ப்பது?

தண்டில் அது தெரியும். நான் தலைவெட்டின் பக்கம் சாய்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். கத்தியை ஆல்கஹாலில் துடைத்துவிட்டுக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ ஒரு சின்னப் புள்ளியோ இருந்தால் கத்தியை மறுபடி துடைத்து, இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். முகம் முழுக்க ஒரே வெளிர் நிறமாகும் வரை நிறுத்தக் கூடாது. எனக்கு நான்கு வெட்டு தேவைப்பட்டது. மூன்றாவதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. மனசு கேட்கவில்லை, அதையும் நீக்கினேன். அதை விட்டிருந்தால் முதல் கதைதான் திரும்ப நடந்திருக்கும்.

வேரே இல்லாமல் செடி தாங்குமா என்று பயப்பட வேண்டாம். இலையில் நீரைச் சேர்த்து வைத்து, இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கும் இனம் இது, வாரக்கணக்கில் தாங்கும். வெட்டிய முகம் நன்றாக ஆறித் தோல் கட்ட ஐந்தாறு நாள் நிழலில் வைத்தேன். பிறகு, பாதிக்குப் பாதி பெர்லைட் (நீர் தேங்காமலிருக்கக் கலக்கும் எடையற்ற வெள்ளைத் துகள்) கலந்த காய்ந்த மண்ணின் மேல் உட்கார வைத்தேன். மூன்றாவது வாரம் இளஞ்சிவப்பு வேர்கள் எட்டிப் பார்த்தன. அதற்கப்புறம்தான் முதல் தண்ணீர்.

உதிர்ந்த இலைகளில் நல்லவற்றையும் மண்மேல் போட்டு வைக்கலாம். எச்செவேரியாவில் குட்டி வரும், ஆனால் பழைய அளவை எட்ட மாதக்கணக்கில் ஆகும். ஈயோனியம் என்ற இன்னொரு சதைப்பற்றுச் செடியின் இலையில் இந்த நம்பிக்கை வேண்டாம்.

எல்லாச் செடிக்கும் தலைவெட்டு ஒத்துவராது. ஹவோர்த்தியா என்ற குட்டையான சதைப்பற்றுச் செடிக்கு வெட்ட நீளமான தண்டே கிடையாது. அதில் கெட்ட வேரையும் அடி இலைகளையும் உரித்துவிட்டுக் காயவைப்பதுதான் வழி. நான் அப்படி ஒன்றே ஒன்றைத்தான் காப்பாற்றியிருக்கிறேன், அதுவும் அழுகல் நுனிவேரோடு நின்றிருந்த செடி. நடுக்குருத்து இறுக்கமாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் வேரைக் கழித்துப் பாருங்கள். தண்டு மெத்தென்று ஆகிவிட்ட எச்செவேரியா என்றால், இன்றைக்கே கத்தியை எடுங்கள்.